சுவிட்ச் பொம்மை: செய்வதும் சோதிப்பதும்

மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்கு ஒரே அழுத்தில் ஓடும் பொம்மை என்பது வெறும் விளையாட்டுச் சாமான் இல்லை. பிற்பாடு சுவிட்ச் வழியாக, தனக்குப் பதிலாகப் பேசும் பேச்சுக் கருவியை இயக்குவதற்கான பழக்கம் இங்கேதான் தொடங்குகிறது. பொம்மையை ஒரு மாலையில் தயாரித்துவிடலாம். குழந்தை தெரிந்துதான் அழுத்துகிறதா என்று கண்டறிவதற்குத்தான் நாள் பிடிக்கும்; பலரும் விட்டுவிடுவது அந்த வேலையைத்தான்.

டபுள்-ஏ பேட்டரியில் ஓடுகிற, திருகு மூடி போட்ட பொம்மையாக வாங்குங்கள். பட்டன் செல் உள்ளது வேண்டாம், விழுங்கினால் உணவுக்குழாயை அரித்துவிடும். ஆன் செய்தால் தொடர்ந்து ஓடும் தள்ளு சுவிட்ச் அதில் இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பட்டனை அமுக்கினால்தான் பாடும் வகை இந்த முறைக்கு ஒத்துவராது.

இருபுறமும் செம்பு பூசிய 0.8 மி.மீ. பிசிபி (மின்சுற்று அட்டை) தகட்டில் ஒரு செ.மீ. சதுரம் வெட்டி, ஓரங்களை நன்றாக அரத்தால் ராவுங்கள். செம்புப் பிசிறு இரு முகங்களையும் தொட்டுவிட்டால் பொம்மை நிற்காமல் ஓடும். 40 செ.மீ. இரட்டைக் கம்பியின் ஒரு முனையில், முகத்துக்கு ஒரு கம்பியாகச் சால்டர் செய்யுங்கள் (ஈயம் உருக்கிப் பற்றவைப்பது). நடுவில் வைத்தால் மேடு தட்டி பேட்டரி சரியாகப் படியாது, ஓரத்தில் வையுங்கள். மறுமுனையில் 3.5 மி.மீ. மோனோ பெண் ஜாக், அதாவது பிளக் செருகும் துளை. எல்லாமே சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். பேட்டரியின் நேர்முனைக்கும் பொம்மையின் தகட்டுக்கும் இடையே இந்தச் செம்புச் சதுரத்தைச் செருகி, கம்பி நசுங்காமல் வெளியே வர மூடியில் சிறு பள்ளம் ராவி, பொம்மையை ஆன் செய்து வையுங்கள். குழந்தை அழுத்தும் வெளிச் சுவிட்சை ஜாக்கில் செருகி அழுத்தினால் மட்டும் ஓட வேண்டும்.

அந்தச் சுவிட்சையும் வீட்டில் செய்யலாம். 10 செ.மீ. அட்டைகள் இரண்டின் உள்முகத்தில் செம்பு டேப், நடுவே 4 செ.மீ. துளையிட்ட மெல்லிய ஃபோம், டேப்புக்கு ஒன்றாக இரு கம்பிகள், அவற்றின் முனையில் மோனோ பிளக். சமையலறை அலுமினியத் தாளில் சால்டர் ஒட்டாது.

வைக்கும் இடம்தான் பெரிய விஷயம். கைதான் என்றில்லை, தலையோ முழங்காலோ பாதமோ, எது குழந்தை சொன்னபடி கேட்கிறதோ அங்கே வையுங்கள். நாற்காலியில் இடுப்பு பின்னால் ஒட்டி, பாதம் தாங்கலில் இருக்கட்டும். பொம்மை நேர் எதிரே இருக்கட்டும். அது வலப்பக்கம் இருந்தால் தலை வலப்பக்கம் திரும்பும். பல குழந்தைகளுக்கு அந்த அனிச்சையிலேயே வலக்கை நீண்டு சுவிட்சில் விழும். பார்ப்பவருக்கு அது வெற்றி போலத் தெரியும்.

இனி சோதனை. தினமும் ஒரே நேரத்தில் மூன்று நிமிடம், வீடியோவோடு. முதல் ஐந்து நாள் சுவிட்சை வைத்து, பிளக்கைச் செருகாமல் அழுத்தங்களை எண்ணுங்கள். அடுத்த ஐந்து நாள் செருகி எண்ணுங்கள். எண்ணிக்கை கூடினால் உடனே மகிழ வேண்டாம். பொம்மை ஆடுவதைப் பார்த்த உற்சாகத்திலேயே கைகால் அதிகம் அசையும். ஆகவே மூன்றாவது கட்டம்: குழந்தையின் சுவிட்சை அதே இடத்தில் விட்டு, பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு, அதன் பார்வையில் படாமல் நீங்கள் வேறு சுவிட்சால் பொம்மையை அதே அளவு ஓட்டுங்கள். முதல் ஓரிரு நாளில் அழுத்தம் எகிறலாம். பழகிய பலன் நின்றால் அப்படித்தான் ஆகும், அதைப் பார்த்து முடிவுகட்டாதீர்கள். ஐந்து நாளுக்குள் குறைந்து, மறுபடி செருகியதும் ஏறினால் குழந்தைக்குத் தொடர்பு புரிந்திருக்கிறது.

கை பிடித்து அழுத்த வைத்தவற்றைத் தனியாகக் குறியுங்கள். அழுத்திய கையை எடுக்க முடியாமல் கிடப்பதை ஒரே அழுத்தமாக எண்ணுங்கள். ஐந்தில் ஒரு வீடியோவையாவது இன்னொருவர் தனியாக எண்ணட்டும். சிறிய எண்ணைப் பெரியதால் வகுத்தால் 80 சதவீதத்துக்குக் கீழே வருகிறதா, 'அழுத்தம்' எது என்பதை இருவரும் பேசித் தீர்த்துவிட்டு மறுபடி எண்ணுங்கள்.

வித்தியாசமே தெரியவில்லையென்றால் முதலில் பொம்மையை மாற்றுங்கள், பிறகு சுவிட்ச் இடத்தை. பார்வை, செவிப் பரிசோதனை நடந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். குழந்தையால் முடியாது என்று எழுதுவது இவ்வளவுக்கும் பிறகுதான்.