தூர இலக்குச் சுடுதலுக்கு பைபாட் தேர்ந்தெடுப்பது எப்படி?

சேலத்தில் ரைஃபிள் பழக வரும் தம்பிகள் சீக்கிரமே கேட்கும் கேள்வி, "அண்ணா, எந்த பைபாட் வாங்கட்டுங்க?" என்பதுதான். பைபாட் என்றால் ரைஃபிளின் முன்பகுதியைத் தாங்கும் இரட்டைக்கால் தாங்கி. ஒரு பிராண்ட் பெயரைச் சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் எந்தப் போட்டிக்கு, எந்தத் தரையில் என்று பார்க்காமல் வாங்கினால் காசு வீண். ஆகவே இந்த வரிசையில் பாருங்கள்.

படி 1: முதலில் விதி

சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பான ஐ.எஸ்.எஸ்.எஃப் விதிப்படி நடக்கும் 10 மீட்டர் ஏர் ரைஃபிளிலும் 50 மீட்டர் போட்டிகளிலும் பைபாட் கூடாது. நீங்கள் பழகுவது அதற்குத்தான் என்றால் அந்தப் பணத்தை ஜாக்கெட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பைபாட் உரிமையோடு நிற்கும் இடம், குப்புறப் படுத்துத் தூர இலக்கைச் சுடும் எஃப்-கிளாஸ் போட்டி. கனடாவின் ஜார்ஜ் ஃபர்குஹர்சன், வயதாகி ஸ்லிங் (ரைஃபிளைக் கையோடு இறுக்கும் வார்) மாட்டிச் சுட முடியாதவர்களும் களத்தில் தொடர வேண்டும் என்று உருவாக்கிய வகை அது. அதில் எஃப்-டிஆர் பிரிவுக்கு .308 வின்செஸ்டர் அல்லது .223 ரெமிங்டன் தோட்டா மட்டும்தான். ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி), பைபாட் எல்லாம் சேர்த்து ரைஃபிளின் எடை 8.25 கிலோவைத் தாண்டக் கூடாது. அதனால் கடைக்குப் போகும் முன் ரைஃபிளை ஸ்கோப்போடு எடை போட்டு, பைபாடுக்கு எவ்வளவு மிச்சம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: உயரம் வேண்டாம், அகலம் வேண்டும்

நான் அதிகம் வலியுறுத்துவது இதைத்தான். வேட்டைக்காகச் செய்த பைபாட்கள் புல்லுக்கு மேலே தூக்கி நிறுத்த நீளக் காலோடும், மடித்து வைக்க வசதியாகக் குறுகலாகவும் இருக்கும். குப்புறப் படுத்துச் சுடுபவருக்கு 6 முதல் 9 அங்குல உயரமே பெரும்பாலும் போதும். கால்கள் மட்டும் நன்றாக அகன்று நிற்கட்டும்.

காரணம் இருக்கிறது. குண்டு பேரலுக்குள் சுழலும்போது துப்பாக்கி எதிர்ப்பக்கமாக முறுக்கிக்கொள்ளப் பார்க்கும். அகன்ற கால் அதைத் தடுக்கும். அடுத்தது சாய்வு. 1000 கெஜத்தில், அதாவது 914 மீட்டரில், .308 குண்டு கிட்டத்தட்ட 10 மீட்டர் தாழும் என்பதால் அவ்வளவுக்கு ஸ்கோப்பை ஏற்றி வைத்திருப்போம். துப்பாக்கி 1 டிகிரி சாய்ந்தாலே குண்டு சுமார் 17 செ.மீ. பக்கவாட்டில் போய்விடும். அந்தத் தூரத்தில் 10 புள்ளி வளையத்தின் குறுக்களவே சுமார் 25 செ.மீ.தான்! ஆகவே சாய்வைச் சரிசெய்து இறுக்கிப் பூட்டும் வசதி இல்லாத பைபாடை எடுக்காதீர்கள்.

படி 3: பாதமும் தரையும்

நம் பக்கத்தில் சரளை கலந்த செம்மண், வெள்ளைக்கல் கரடு, சிமென்ட் மேடை என்று தரை இடத்துக்கு இடம் மாறும். சிமென்ட்டில் ரப்பர் பாதம் துள்ளும். துள்ளல் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்காது. இளகிய மண்ணில் சின்னப் பாதம் ஒவ்வொரு சுடுதலுக்கும் கொஞ்சம் புதையும். பனிச்சறுக்குக் கட்டை போல நீளமாக, முன் நுனி வளைந்த பாதம் இரண்டுக்கும் பொருந்தும்: புதையாது, பின்னதிர்வில் நேராகப் பின்னால் வழுக்கும். முக்கியம், இரண்டு பாதமும் பேரலுக்கு இணையாக இருக்க வேண்டும். ஒன்று கோணினால் ரைஃபிள் அந்தப் பக்கமே இழுக்கும். பாதத்தைக் கழற்றி மாற்றக்கூடிய பைபாட் என்றால் இன்னும் நல்லது. நம்மூர் லேத் பட்டறையில் நைலானில்கூடக் கடைந்து வாங்கிவிடலாம். காலடியில் பலகையோ கார்ப்பெட் துண்டோ போடலாமா என்று போட்டி நடத்துபவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

படி 4: கையால் ஆட்டிப் பாருங்கள்

கால்களை விரித்து மேசைமேல் வைத்து, மேல்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் அசையுங்கள். மூட்டில் லொடலொடப்பு இருந்தால் அப்படியே வைத்துவிட்டு வாருங்கள். உங்கள் ரைஃபிளில் இருப்பது பிகாட்டினி ரெயிலா (குறுக்குப் பள்ளங்கள் வெட்டிய உலோகப் பட்டை), ஸ்லிங் மாட்டும் திருகா என்பதையும் பார்த்து, அதற்கேற்ற கிளாம்ப் கேளுங்கள்.

படி 5: குண்டில்லாமல் சோதனை

நீங்கள் சோதிக்கும் அறையில் தோட்டாவே இருக்கக் கூடாது. சேம்பர் (ரைஃபிளுக்குள் தோட்டா உட்காரும் இடம்) காலி என்பதை இரண்டு முறை பாருங்கள். பாதுகாப்பான திசையில் ஒரு புள்ளியைக் குறிவைத்து ட்ரிகரை அழுத்துங்கள். அழுத்தும் கணத்தில் ஸ்கோப்பின் குறுக்குக்கோடு நகர்ந்தால், பைபாடைக் குறை சொல்லும் முன், ரைஃபிளின் பின்கட்டைக்கு அடியில் வைக்கும் பின்பக்கப் பையைக் கவனியுங்கள். முன்னால் எவ்வளவு விலை உயர்ந்த பைபாட் இருந்தாலும், பின்னால் தளர்ந்த பை இருந்தால் பயனில்லை. ஜவ்வரிசி நம்மூரில் தாராளம், அதை நிரப்பலாமே என்று சிலர் கேட்பதுண்டு. ஈரம் பட்டால் ஊறிவிடும், வேண்டாம். கெட்டித் துணியில் இரட்டைத் தையல் போட்டு, சலித்துக் காயவைத்த மணலை இறுக நிரப்புங்கள்.

கோடு அசையாமல் நின்றதும், அந்தக் கால் உயரத்தை மார்க்கரால் காலிலேயே கோடிட்டு வையுங்கள். ரேஞ்சில் முதல் சில குண்டுகளை 100 மீட்டரில், ஒவ்வொன்றுக்கும் பாதம் எங்கே போய் நிற்கிறது என்று பார்த்தபடி சுடுங்கள். இரண்டும் நேராக, ஒரே அளவு பின்னால் வந்திருந்தால் தூரத்தைக் கூட்டலாம்.