பெருக்கல் குறியை அழுத்தினால் போதாது: கணினி நோட்டிபிகேஷனில் செய்யும் தவறுகள்

திரையின் வலது கீழ் மூலையில் ஒரு பெட்டி எட்டிப் பார்க்கும். பெருக்கல் குறியை அழுத்தி விரட்டுவோம். பத்து நிமிடத்தில் திரும்ப வந்து நிற்கும். ஈ ஓட்டுகிற கதைதான். அனுப்பியது யார் என்று பார்க்காமல் மூடிக்கொண்டே இருப்பதுதான் முதல் தவறு. விண்டோஸே அனுப்பலாம், நாம் போட்ட ஆப் அனுப்பலாம், பிரவுசர் வழியாக ஏதோ ஒரு வெப்சைட்டும் அனுப்பலாம். ஒவ்வொன்றையும் நிறுத்தும் இடம் வேறு.

இதில் மோசமானது வெப்சைட் அனுப்புவதுதான். "உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்!" என்று சித்தப்பாவின் கணினியில் சிவப்பாக ஒன்று வந்துகொண்டே இருந்தது. மனிதர் பதறி, ஆன்டிவைரஸுக்குப் பணம் கட்டவே தயாராகிவிட்டார். பெட்டியை உற்றுப் பார்த்தேன். பொடி எழுத்தில் பிரவுசரின் பெயர், பக்கத்தில் கேள்விப்படாத ஒரு வெப்சைட் முகவரி. வைரஸும் இல்லை, ஒன்றும் இல்லை. 'நீங்கள் ரோபோ இல்லை என்றால் அலோவை அழுத்துங்கள்' என்று எப்போதோ ஒரு பக்கம் கேட்டிருக்கிறது, இவரும் அழுத்தி அனுமதி கொடுத்திருக்கிறார். இப்படி வரும் பெட்டிக்குள் எதையும் கிளிக் செய்யாதீர்கள். குரோம் என்றால் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிபிகேஷன்ஸ் என்று போய் அந்த முகவரியை நீக்குங்கள். இனி எந்த வெப்சைட்டும் அனுமதி கேட்கவே கூடாது என்றும் அங்கேயே சொல்லிவிடலாம். பயர்பாக்ஸில் 2020 ஜனவரி முதல் இந்தக் கேள்வி தானாகத் திரையில் குதிப்பதில்லை, முகவரிப் பட்டையில் சின்ன ஐகானாக ஒதுங்கி நிற்கிறது.

விண்டோஸ் 11-இன் சொந்த டிப்ஸை நிறுத்தப் போகிறவர்கள் பாதியில் திரும்பிவிடுகிறார்கள். செட்டிங்ஸ், சிஸ்டம், நோட்டிபிகேஷன்ஸ் பக்கத்தில் ஆப்களின் பட்டியலோடு வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். பட்டியலையும் தாண்டி அடிவரை போனால் 'அடிஷனல் செட்டிங்ஸ்' இருக்கும். அதற்குள் மூன்று டிக். மூன்றையும் எடுத்துவிடுங்கள். கணினியைத் திறந்ததும் முழுத்திரையில் 'செட்டப்பை முடிக்கலாமா' என்று வந்து நிற்குமே, அதற்கு மருந்தும் இங்கேதான். அந்தத் திரையில் உள்ள 'மூன்று நாளில் நினைவூட்டு' பட்டனை நம்பினால், சொன்ன சொல் தவறாமல் மூன்றாம் நாள் வந்து நிற்கும்!

மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் 97-இல் கண்ணை உருட்டிக்கொண்டு யோசனை சொல்ல வந்த பேப்பர் கிளிப் பொம்மையை நினைவிருக்கிறதா? 2001-இல் வந்த ஆபீஸ் எக்ஸ்பியிலேயே அதை ஓரங்கட்டிவிட்டார்கள். ஆனால் யோசனை சொல்லும் பழக்கம் மட்டும் போகவில்லை.

எரிச்சலில் அதே நோட்டிபிகேஷன்ஸ் பக்கத்தின் மேலே இருக்கும் பெரிய சுவிட்சையே அணைப்பது, பாதியில் திரும்புவதற்கு நேர்மாறான தவறு. காலண்டர் நினைவூட்டலும் அதோடு போய்விடும். வேலை நேரத்தில் மட்டும் அமைதி வேண்டுமென்றால் 'டூ நாட் டிஸ்டர்ப்' போதும். அது எதையும் அழிக்காது, சத்தமில்லாமல் சேர்த்து வைக்கும். விண்டோஸ் கீயோடு N எழுத்தை அழுத்தினால் எல்லாம் வரிசையாக இருக்கும்.

பாப்-அப்பைத் தடுக்க என்று தனி மென்பொருள் தேடி இறக்காதீர்கள். சில சமயம் அதுவே புதுத் தலைவலியாகிவிடும், தேவையானதெல்லாம் செட்டிங்ஸிலேயே இருக்கிறது. பெரிய அப்டேட் வந்த பிறகு மட்டும் அந்த மூன்று டிக்கையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.