உங்கள் பக்கங்களைத் தேடுபொறியில் சேர்ப்பது எப்படி?

மருதமுனையில் கைத்தறிச் சாரமும் சாறியும் விற்கும் குடும்பமொன்று, இணையத்தளம் அமைத்து 7 மாதங்களாகியும் கூகுளில் தங்கள் பக்கம் ஒன்றுகூட வரவில்லை என்று என்னிடம் வந்தபோது, நான் முதலில் பார்த்தது அந்தப் பக்கங்களின் எழுத்துருவைத்தான். திரையில் தமிழ் அழகாகவே தெரிந்தது. ஆனால் அந்த வரிகளைப் பிரதியெடுத்து வேறோர் இடத்தில் ஒட்டியதும் அவை ஆங்கில எழுத்துகளாகிவிட்டன. எல்லாமே, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிடப்பட்டிருந்தன. பாமினியில் "அம்மா" என்று நம் கண்ணுக்குத் தெரிவது, கணினிக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகளே. தேடுபொறி அந்தக் குறிகளைத்தான் படிக்கின்றது; ஆகவே "கைத்தறிச் சாரம்" என்று தேடுபவருக்கு அப்பக்கத்தைக் காட்ட அதற்கு வழியில்லை.

துண்டுப்பிரசுரத்துக்காக அச்சகத்தில் பாமினியில் அடித்ததையே தளத்திலும் ஏற்றிவிடும் பழக்கம் நம் பக்கத்தில் இருப்பதால், வேறெதற்கும் முன்னர் இதைச் சரிபார்த்து, எழுத்தை, கணினிகள் தமிழாகவே படிக்கும் பொதுக் குறிமுறையான யுனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றிக் கிடைப்பதை ஒருமுறை வாசித்துப் பிழை திருத்துவது அவசியம். படமாகப் போட்ட விலைப்பட்டியலையும் எழுத்தாகவே தாருங்கள்.

அடுத்து, கதவை நீங்களே பூட்டி வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். தளம் கட்டப் பயன்படும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் அமைப்புகளுக்குள் வாசிப்பு என்ற பகுதியில், தேடுபொறிகள் இத்தளத்தைச் சேர்க்க வேண்டாம் என்று கேட்கும் ஒரு சிறு பெட்டி உண்டு. தளத்தைக் கட்டும்போது அதைத் தெரிவு செய்தவர்கள், வேலை முடிந்த பின் எடுத்துவிட மறந்துபோகிறார்கள். தேடுபொறிகள் எங்கெங்கே வரலாம் என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில் (robots.txt) ஒரு பக்கத்தைத் தடுப்பதும், அப்பக்கத்தில் நோஇன்டெக்ஸ் என்ற கட்டளையை இடுவதும் ஒன்றல்ல: முன்னையது உள்ளே வந்து படிப்பதைத் தடுக்கின்றது, பின்னையது படித்த பிறகு பட்டியலில் சேர்க்க வேண்டாம் என்கின்றது. இரண்டையும் சேர்த்து இட்டால், தேடுபொறி உள்ளே வராததால் நோஇன்டெக்ஸ் கட்டளையை அது காணவே மாட்டாது.

இவை சரியான பின்னரே, தங்கள் தளம் தேடலில் எப்படி வருகின்றது என்று உரிமையாளர்கள் பார்க்க உதவும் கூகுள் சேர்ச் கொன்சோல் என்ற கருவிக்குச் செல்லுங்கள். அது இலவசம். உங்கள் டொமைனின் (தளப்பெயரின்) டிஎன்எஸ் அமைப்பில், அதாவது அப்பெயரைத் தளம் இருக்கும் கணினியோடு இணைக்கும் பதிவில், அவர்கள் தரும் ஒரு வரியைச் சேர்த்து, தளம் உங்களுடையதே என உறுதிப்படுத்திய பின், தளத்தின் பக்க முகவரிகளைப் பட்டியலிடும் தளவரைபடக் கோப்பின் முகவரியைக் கொடுங்கள். ஒரு கோப்பில் 50,000 முகவரிகள் வரை இடம்பெறலாம் என்பதால் சிறு கடைக்கு ஒன்றே போதும். முக்கியமான பக்கங்களின் முகவரிகளை மட்டும் மேலேயுள்ள பெட்டியில் ஒவ்வொன்றாக இட்டுச் சோதித்து, சேர்க்குமாறு கோரிக்கை விடுங்கள். அதற்குச் சில நாள்களோ சில வாரங்களோ ஆகலாம். ஒரே பக்கத்துக்குத் திரும்பத் திரும்பக் கோரிக்கை விடுவதால் வேகம் கூடாது. பிங் தேடுபொறிக்கு, அதன் வெப்மாஸ்டர் கருவியில் உங்கள் சேர்ச் கொன்சோல் கணக்கிலிருந்தே தளத்தின் விவரங்களைக் கொண்டுவந்து சேர்த்துக்கொள்ளலாம்.

முகப்பிலிருந்து இணைப்பே இல்லாத பக்கங்களை நான் குறிப்பாகத் தேடிப் பார்ப்பேன். தளவரைபடத்தில் இருந்தாலும், தளத்தின் வேறெந்தப் பக்கமும் சுட்டாத ஒன்றை முக்கியமானதாகக் கருதத் தேடுபொறிக்குக் காரணம் குறைவு.

எல்லாம் செய்தும் சேர்ச் கொன்சோலில் "படிக்கப்பட்டது, ஆனால் தற்போது சேர்க்கப்படவில்லை" என்ற நிலை சில பக்கங்களுக்கு நீடிக்கக்கூடும். மருதமுனைத் தளத்தில் ஒவ்வொரு சாறிக்கும் ஒரு படமும் விலையும் மட்டுமே இருந்தன. நாற்பது பக்கங்களும் ஒன்றையொன்று ஒத்திருந்தன. ஒரே வகைச் சாறிகளை ஒரு பக்கத்தில் சேர்த்து, நூல் என்ன, நீளம் எவ்வளவு, சாயம் போகாமல் எப்படித் துவைப்பது என்று நெய்பவர்களே சொல்லக்கேட்டு எழுதினோம். பழைய முகவரிகளைப் புதிய பக்கங்களுக்குத் திருப்பிவிட்ட பிறகே மறுபடி கோரிக்கை அனுப்பினோம்.