ஏற்றுமதி விதிக்காகச் சாவி நீளத்தைக் குறைப்பது ஏன் தவறு

காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருந்துகொண்டு, பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கடை வைத்திருக்கும் உறவினர்களுக்கு பில்லிங் மென்பொருள் எழுதித் தருவோர், ஏற்றுமதிக் கட்டுப்பாடு என்று யாரேனும் சொன்னதும் முதலில் கைவைப்பது, தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் குறியாக்கச் சாவியின் நீளத்தில்தான். 256 பிட்டை 128 ஆக்கிவிட்டால் விதிக்குள் வந்துவிடலாம் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் 2017 டிசம்பரில் இந்தியா சேர்ந்த, பன்னாட்டு ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்கான வாசெனார் உடன்பாட்டின் பட்டியலிலும், அதையொட்டிய நமது ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலான ஸ்கோமெட்டின் 8-ஆம் பிரிவிலும், பூட்டவும் திறக்கவும் ஒரே சாவியைப் பயன்படுத்தும் சமச்சீர் குறியாக்கத்துக்கு வைத்திருக்கும் வரம்பு 56 பிட். இன்று பரவலாகப் பயன்படும் சமச்சீர் முறையான ஏஇஎஸ்ஸின் மிகச் சிறிய சாவியே 128 பிட் என்பதால், இந்தக் குறைப்பால் சட்டத்தில் ஒரு சலுகையும் கிடைக்காது. வரம்புக்குள் நிற்க வேண்டுமானால் 1998-லேயே மூன்று நாளுக்குள் உடைக்கப்பட்ட, 56 பிட் சாவி கொண்ட பழைய டிஇஎஸ் முறைக்குத்தான் திரும்ப வேண்டும். வாடிக்கையாளரின் வரவு செலவை அதில் பூட்டித் தருவது நியாயமாகாது.

இதைவிடச் சிக்கலான தவறு, வலுவான குறியாக்கத்தை உள்ளே வைத்துவிட்டு அமைப்புக் கோப்பில் மட்டும் அணைத்து அனுப்புவது. ஜாவா நிரல்மொழியின் செக்யூரிட்டி கோப்பில் 'கிரிப்டோ.பாலிசி' என்ற வரியை 'லிமிடெட்' என்று மாற்றுவது இந்த வகைதான். வாங்கியவர் அந்த ஒரு வரியைத் திருத்தினால் முழு வலிமையும் திரும்பிவிடும். அப்படி எளிதில் இயக்கக்கூடிய திறனைப் பட்டியல் இருக்கும் திறனாகவே எண்ணுகிறது. போதாக்குறைக்கு, யாரும் கடையில் வாங்கக்கூடிய பொதுச் சந்தை மென்பொருளுக்கான விலக்கைப் பெற, பயனர் குறியாக்கத்தை எளிதில் மாற்ற முடியாதிருக்க வேண்டும் என்பதும் ஒரு நிபந்தனை. ஆகவே 'சாவி நீளம்' என்று அமைப்புத் திரையில் ஒரு தேர்வுப் பெட்டி வைப்பது, உதவி என்று நினைத்து விலக்கை இழப்பதாக முடியலாம்.

ஜாவாவின் அந்தக் கட்டுப்பாடு சில நாடுகளின் இறக்குமதி விதிகளுக்காக வைக்கப்பட்டது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 8-ஆம் பதிப்பின் 161-ஆம் புதுப்பிப்பு முதல் அது இயல்பாகவே நீக்கப்பட்டிருக்கிறது. ஆனால் கடையில் இருக்கும் பழைய கணினியில் அதற்கு முந்தைய ஜாவா இருந்தால் 256 பிட் சாவி 'இல்லீகல் கீ சைஸ்' என்று பிழை காட்டும். அங்கே ஏஇஎஸ்ஸுக்கான அதிகபட்ச நீளத்தை நிரலில் கேட்டுப் பார்த்தால், கட்டுப்பாடு இருந்தால் 128 என்றும் இல்லையென்றால் வரம்பில்லை என்ற பொருளில் 2147483647 என்றும் பதில் வரும். நம் மேசையில் மட்டும் சோதித்துவிட்டு அனுப்பினால் இது தெரியாது.

மென்பொருளைப் பெட்டியில் அனுப்பாமல் தரவிறக்க இணைப்பாக அனுப்பினாலும் அது ஏற்றுமதிதான். வகைப்பாட்டில் ஐயம் இருந்தால் இணைப்பை அனுப்பும் முன்பே வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்திடம் கேட்க வேண்டும்.