பௌத்தம் பயில விரும்புவோர் ஆசிரியரைத் தெரிவுசெய்தல்

யாழ்ப்பாணத்திலிருந்து பௌத்தம் கற்க விரும்பும் ஒருவர், அதன் பெரும்பிரிவுகளான தேரவாதம், மகாயானம், வச்சிரயானம் ஆகியவற்றில் எது என்ற கேள்வியிலேயே மாதக்கணக்கில் நின்றுவிட வேண்டியதில்லை. இலங்கையில் நேரில் சென்று கேட்கக்கூடியது பெரும்பாலும் தேரவாதமே. அதன் நிகாயங்களில் (பிக்குகளின் சங்கப் பிரிவுகளில்) சியாம் நிகாயம் 1753இல் தாய்லாந்து வழியாகவும், அமரபுர, ராமஞ்ஞ நிகாயங்கள் பின்னர் பர்மா வழியாகவும் உபசம்பதா (பிக்குவாகும் முழுத் துறவேற்பு) பெற்றவை. புதியவருக்கு இவ்வேறுபாடு முக்கியமன்று.

நிதானம் வேண்டியது ஆசிரியர் விடயத்திலேயே. ஒருவரின் ஒழுக்கத்தை நெடுங்காலம் உடன் பழகிக் கவனித்தே அறியலாம் என்று சங்யுத்த நிகாயம் என்ற பௌத்த நூற்றொகுதியில் புத்தரே கூறுகிறார். ஆகவே, போயா (முழுநிலா) நாட்களில் ஆரியகுளத்தருகே உள்ள நாக விகாரைக்கோ, குறிகட்டுவானில் படகேறி நயினாதீவு விகாரைக்கோ சென்று, பிக்கு ஏழை எளியவரிடம் எவ்வாறு பேசுகிறார், மறுத்துக் கேட்பவருக்கு முகம் சுளிக்காமல் விடை தருகிறாரா என்பதைப் பலமுறை பாருங்கள். போதனைக்கு விலை பேசுபவரையும், வேறெவரிடமும் கேட்கக்கூடாது என்பவரையும் தயங்காமல் விலக்குங்கள்.

ஐயங்களைத் தமிழில் கேட்க வழியுண்டா என்பதையும் முதலிலேயே விசாரியுங்கள். பாதி விளங்கும் மொழியில் தியானம் பயில்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 10 நாள் விபாசனா தியான முகாமுக்குச் செல்வதாயின், தமிழ் அறிவுறுத்தல் ஒலிப்பதிவு கிடைக்குமா என்று விண்ணப்பிக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.