பழைய தொங்கும் பெட்ரோல் விளக்கை மறுபடி எரிய வைப்பது எப்படி?

கொடைக்கானலில் பழைய பங்களா ஒன்றைக் காலி செய்தால், பரணிலிருந்து இப்படி ஒரு விளக்கு இறங்கும். மேலே உத்தரத்தில் மாட்டும் கொக்கி, அதற்குக் கீழே காற்றடிக்கும் டேங்க், குடை போன்ற மூடி, அடியில் இரண்டு மேண்டில் (எரியும்போது வெளிச்சம் தரும் சின்ன வலைப்பை) கட்டும் முனைகள். பார்த்ததும் 'பெட்ரோமாக்ஸ்' என்று சொல்லிவிடுவோம். பெட்ரோமாக்ஸ் மண்ணெண்ணெயில் எரிவது. இது பெட்ரோலில் எரிவது. 1845-இல் இங்கே முதல் வீடுகளைக் கட்டியவர்கள் மதுரையிலிருந்து ஏறிவந்த அமெரிக்க மிஷன்காரர்கள். என்னிடம் இருக்கும் கோல்மன் கம்பெனி விளக்கும் அமெரிக்கச் சரக்குதான்.

வேலையைத் தொடங்கும் முன் எது உங்களிடம் இருக்கிறது என்று பாருங்கள். மேண்டிலுக்குப் பக்கத்தில், ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைக்கும் சின்னக் கிண்ணம் இருந்தால் அது பெரும்பாலும் மண்ணெண்ணெய் விளக்கு. அதில் பெட்ரோல் ஊற்றுவது வீட்டுக்குத் தீ வைப்பதற்குச் சமம். சந்தேகம் இருந்தால் விவரம் தெரிந்தவரிடம் காட்டாமல் எதையும் ஊற்றாதீர்கள்.

எல்லாரும் முதலில் பாலிஷ் போட ஆசைப்படுவார்கள். நானும் முதல் விளக்கை ஒரு கடையில் பாலிஷுக்குக் கொடுத்தேன். சக்கரத்தில் தேய்த்து நிக்கல் பூச்சு முழுவதையும் எடுத்துவிட்டார்கள். இன்றுவரை அந்த வருத்தம் தீரவில்லை. பூச்சு இருந்தால் சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். பூச்சில்லாத பித்தளை என்றால் புளி போட்டுத் தேய்த்து, உடனே கழுவித் துடையுங்கள். அம்மோனியா கலந்த பாலிஷ் மட்டும் வேண்டவே வேண்டாம். பிரிட்டிஷ் ராணுவம் இந்தியாவில் குதிரை லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டா உறைகள், மழைக்காலம் வந்தால் தானாக விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியாவும் காற்றின் ஈரமும் சேர்ந்து செய்த வேலை அது. நம் மலையில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. அம்மோனியாவையும் நாமே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டாம்.

சரி, கழற்றுவோம். இறுகிய மரையை முரட்டுத்தனமாகத் திருகினால் பித்தளை முறிந்துவிடும். மண்ணெண்ணெய் தடவி ஒரு ராத்திரி ஊறவிட்டு, மறுநாள் வெந்நீர் ஊற்றிச் சூடாக்கி, இரண்டு ஸ்பேனர் போட்டுத் திருப்புங்கள்: ஒன்று பிடிக்க, ஒன்று சுழற்ற. ஒருகாலத்தில் பெட்ரோல் இருந்த டேங்குக்கு நெருப்புச் சூடு காட்டவே கூடாது. காலியாகத் தெரிந்தாலும் உள்ளே ஆவி இருக்கும். மூட்டுகளில் வெள்ளை நார் போல ஏதாவது தென்பட்டால் அஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். தூசி பறக்காமல் நனைத்து எடுங்கள்.

இனி வருவதுதான் முழு வேலையின் உயிர். டேங்க் காற்றைத் தாங்குமா? கழுத்து வரை தண்ணீர் நிரப்பி, டேங்கின் மூடியை இறுக்கி, கொஞ்சம் காற்றடியுங்கள். தண்ணீர் இருப்பதால், டேங்க் விட்டுப்போனாலும் சிதறாது. வெளியே நன்றாகத் துடைத்து ஒரு மணி நேரம் செய்தித்தாள் மேல் வையுங்கள், அப்புறம் தலைகீழாக ஒரு மணி நேரம். தாளில் ஒரு சொட்டு ஈரம் பட்டாலும் அந்த டேங்கில் பெட்ரோல் ஊற்றாதீர்கள். ஈயப் பற்று வைத்து ஒப்பேற்ற நினைக்காமல், அழகுக்கு மாட்டிவிடுங்கள். தேறிவிட்டால் தண்ணீரைக் கொட்டி இரண்டு நாள் வெயிலில் காயவிடுங்கள்.

மூடியின் வாஷருக்கு சைக்கிள் டியூபை வெட்டிப் போடுவது நம் ஊர் வழக்கம். பெட்ரோலில் அது ஊதிக் கரைந்துவிடும். நைட்ரைல் ரப்பர் கேட்டு வாங்குங்கள். பம்பில் இருப்பது தோல் வாஷர். காய்ந்து சுருங்கியிருந்தால் காற்றே ஏறாது. தேங்காயெண்ணெய் போடலாமென்று தோன்றும், ஆனால் இந்தக் குளிரில் அது பாட்டிலிலேயே உறைந்து நிற்கிறது, பம்புக்குள் எப்படி ஓடும்? தையல் மிஷின் எண்ணெயில் ஊறவைத்து, விரலால் மெல்ல விரித்துவிடுங்கள்.

மேண்டிலுக்குப் பக்கமாகப் போகும் மெல்லிய குழாயில்தான் பெட்ரோல் சூடாகி ஆவியாகிறது. வெளிச்சம் மங்குவதற்குப் பெரும்பாலும் அங்கே படிந்த கரிதான் காரணம். கழற்றி ஊறவைத்துச் சுத்தம் செய்யலாம், ஆனால் நுனியிலுள்ள துளையில் ஊசியைக் குத்தி அகலப்படுத்திவிட்டால் விளக்கு புகைந்துகொண்டே இருக்கும். அதற்குப் புதுக் குழாய் வாங்குவதே மேல்.

பழைய மேண்டில் பாக்கெட் கிடைத்தால் ஆசைப்பட்டு எரிக்காதீர்கள். அதில் தோரியம் இருக்கும், லேசான கதிரியக்கம் உள்ளது. 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் மணவாளக்குறிச்சி மணலில் தோரியம் உள்ள மோனசைட் தாதுவைக் கண்டுபிடித்ததும், உலகத்து மேண்டில்களுக்கான தோரியத்துக்காக அந்த மணல் கப்பலேறியது. கன்னியாகுமரிக் கடற்கரைக்கும் இந்த விளக்குக்கும் அப்படி ஓர் உறவு. இப்போது தோரியம் இல்லாத மேண்டில் கிடைக்கிறது. முனையில் கட்டி, மடிப்பைச் சரிசெய்து, தீக்குச்சியால் அடியில் பற்றவைத்துச் சாம்பலாகவிடுங்கள். அதன் பிறகு விரல் பட்டாலே உதிரும்.

எரிபொருள், கேம்ப்பிங் அடுப்புக்கான வெள்ளைப் பெட்ரோல். பங்க்கில் எத்தனால் கலந்து வரும் பெட்ரோல் இதற்கு ஆகாது. முற்றத்தில், விளக்கும் பீடியும் இல்லாத இடத்தில், முக்கால் டேங்க் ஊற்றுங்கள். சிந்தியதைத் துடைத்து, ஆவி போகும் வரை காத்திருங்கள். பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

காற்றடித்து, அந்தக் குழாயை ஸ்பிரிட் சுடரால் நன்றாகச் சூடாக்கியபின் வால்வைக் கொஞ்சமாகத் திறங்கள். மஞ்சளாக எழும்பினால் உடனே மூடி, இன்னும் சூடாக்குங்கள். 'உஸ்' என்ற சத்தத்தோடு வெள்ளையாகப் பிடித்தால் முழுதும் திறக்கலாம். வெளித் திண்ணையில் மட்டும் மாட்டுங்கள். மூடிய அறையில் கரியடுப்போடு தூங்கி உயிர்விட்ட செய்திகளை மலையில் படித்திருக்கிறோம். இதுவும் அதே நச்சுவாயுவை விடக்கூடியது.

அணைக்க வால்வை மூடினால், குழாயில் மிச்சமிருக்கும் ஆவி தீரும் வரை மேண்டில் சிவந்து மங்கும். கைவைத்தால் குளிர்ந்திருக்க வேண்டும், அதற்கப்புறமே மூடியைத் தளர்த்திக் காற்றை வெளியே விடுங்கள்.