விலைவாசியோடு சம்பளமும் ஏற, ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை

விலைவாசி ஏறினால் சம்பளமும் தானாக ஏற வேண்டும் என்று சிங்கப்பூரில் சட்டம் இல்லை. அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் சேர்ந்த தேசிய சம்பள மன்றம் சம்பள உயர்வு பற்றி ஆண்டுதோறும் சொல்வதும் பரிந்துரைதான். ஆகவே முதலாளியும் ஊழியரும் பேசி, வேலை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.

முதலில், எந்தக் குறியீடு? புள்ளிவிவரத் துறையின் பயனீட்டாளர் விலைக் குறியீட்டில் வீட்டு வாடகை, கார் விலை எல்லாம் சேரும். மூலாதாரப் பணவீக்கத்தில் தங்குமிடச் செலவும் தனியார் போக்குவரத்துச் செலவும் சேராது. 2022இல் முன்னதன்படி விலையேற்றம் 6.1%, பின்னதன்படி 4.1%. ‘விலைவாசிக்கு ஏற்ப’ என்று மொட்டையாக எழுதினால் இந்த இடைவெளியில்தான் தகராறு வரும். சொந்த வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டிலிருந்து எம்ஆர்டி ரயிலில் வேலைக்கு வருபவருக்கு மூலாதாரக் கணக்கு பொருந்தும். வாடகை அறையில் இருப்பவருக்கு அது அநியாயம்.

ஒரு மாதத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். சீனப் புத்தாண்டு ஓராண்டு ஜனவரியில் வரும், மறு ஆண்டு பிப்ரவரியில் வரும். விலையும் அதோடு நகரும். 12 மாதச் சராசரியை முந்தைய 12 மாதச் சராசரியோடு ஒப்பிடுங்கள்.

குறியீட்டுப் புள்ளியை விழுக்காடு என்று எண்ணிவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. சராசரி 104.0இலிருந்து 106.6 ஆனால் ஏற்றம் 2.6 புள்ளி, ஆனால் 2.5%தான். அடிப்படை ஆண்டு (குறியீட்டை 100 என்று வைக்கும் ஆண்டு) 2019இலிருந்து 2024க்கு மாறியதுபோல் மறுபடி மாறும்போதும் விழுக்காட்டுக் கணக்கு குழம்பாது.

அடிப்படைச் சம்பளம் 2,400 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்றால் அந்த 2.5% உயர்வு 60 வெள்ளி. 55 வயதுக்குட்பட்ட குடிமகனுக்கு அதில் 12 வெள்ளி மத்திய சேம நிதிக்கு (கட்டாய ஓய்வுக்காலச் சேமிப்பு) போக, கையில் 48 வெள்ளி நிற்கும். முதலாளிக்கோ சேம நிதிப் பங்கும் சேர்ந்து 70 வெள்ளி செலவு. இதை முன்கூட்டியே காட்டிவிட்டால் பேச்சு சுமுகமாக முடியும்.

விலை இறங்கினால்? 2015, 2016, 2020இல் குறியீடு இறங்கியது. ‘சம்பளம் குறையாது’ என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும். ஆண்டு உயர்வுக்கு உச்சவரம்பு 4% என்று வைத்தால், அதைத் தாண்டிய மிச்ச ஏற்றம் அடுத்த ஆண்டுக்குப் போகுமா என்பதையும் எழுதுங்கள்.

பலர் கவனிக்காத பள்ளம் ஒன்று உண்டு. உடலுழைப்பு சாராத ஊழியருக்குச் சட்டப்படி ஓவர்டைம் கிடைப்பது அடிப்படைச் சம்பளம் 2,600 வெள்ளி வரைதான். 2,550 வெள்ளி வாங்கும் காசாளருக்கு 2.5% ஏறினால் 2,613.75, அந்த உரிமை அன்றே போய்விடும். கையெழுத்துப் போடுமுன், ‘சம்பளம் வரம்பைத் தாண்டினாலும் ஓவர்டைம் தொடரும்’ என்று சேர்க்கச் சொல்லுங்கள்.